எதிரே நிற்பவர்

சோழவந்தானில் வைகையை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பு. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நான் போனபோது, மாஸ்டர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு பிரம்பை அனலில் வாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர் கம்பு சுற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பாமலேயே, "கடைசில நிக்கிற பாப்பா, மணிக்கட்டை இறுக்காத" என்றார். ஓரத்தில் நின்ற சிறுமி சட்டென்று கையைத் தளர்த்தினாள்.

"எப்படிண்ணே தெரிஞ்சுச்சு?"

"சத்தம்தான் சார். மணிக்கட்டு இளகியிருந்தா விர்ருன்னு ஒரே இழையா வரும். இறுக்குனா விட்டு விட்டுக் கேக்கும்."

பகலில் அவர் எலக்ட்ரீஷியன். சாயங்காலம் சிலம்ப வாத்தியார். ஊர்ப் பெரியவர்கள் "வாத்தியாரே" என்கிறார்கள், பிள்ளைகளுக்கு "மாஸ்டர்". "ஆசான்" என்று மட்டும் யாரையும் கூப்பிட விடுவதில்லை. அந்தச் சொல் அவருக்குக் கற்றுக்கொடுத்தவருக்கு உரியதாம்.

பிரம்பின் வளைந்த இடம் சூடேறியதும் முழங்காலில் வைத்து அழுத்தி, ஆறும்வரை அப்படியே பிடித்துக்கொண்டார். மூங்கில் அடிபட்டால் சிம்பு சிம்பாகப் பிளந்து கையைக் கிழித்துவிடும். பிரம்பு வளைந்து கொடுக்கும், பிளக்காது. அதனால்தான் பிள்ளைகளுக்குப் பிரம்பு. கம்பின் நீளம் அவரவர் நெற்றி உயரம். பிள்ளை வளர வளரக் கம்பும் மாறவேண்டும். சுவரில் சாத்தியிருந்த கம்புகள் படிக்கட்டு மாதிரி வரிசையாக நின்றன.

பதினோரு வயதில் இதே தோப்புக்கு வந்தாராம். சோழவந்தான் வெற்றிலைக்குப் பேர்போன ஊர். ஒரு கவுளி வெற்றிலை, பாக்கு, ஒன்னேகால் ரூபாய் தட்சணை. வாங்கி வைத்துக்கொண்ட ஆசான் மூன்று மாதம் கம்பைத் தொடவே விடவில்லை. தரையில் கோடு கிழித்து, முன்னும் பின்னும் சாய்ந்தும் காலடி மட்டும். "ரிக்‌ஷாக்காரன் படத்துல எம்.ஜி.ஆர். கம்பு சுத்துறதைப் பாத்துட்டு வந்தவன் சார் நான். என்னைக் கோடு தாண்ட விட்டா என்ன ஆகும்?" என்று சிரித்தார். 1971இல் வந்த படம். அவர் பார்த்தது அதற்குப் பல வருஷம் கழித்து, திருவிழாவில் திரை கட்டிப் போட்டபோது.

காலடி படிந்த பிறகு சலாம் வரிசை, வீச்சு, தடுப்பு, குத்து, வாருதல். வாருதல் என்றால் எதிராளியின் கால் தரையில் ஊன்றுமுன் கம்பால் அள்ளிவிடுவது. அப்புறம் இரட்டைக்கம்பு, மான்கொம்பு, சுருள்வாள். ஏழெட்டு வருஷம் இப்படிப் போனபின் ஒரு விஜயதசமி அன்று ஆசான் தன் கம்பைக் கையில் கொடுத்து, "நாளைலருந்து பிள்ளைகளுக்கு எதிரே நீ நில்லுடா" என்றாராம். பட்டமளிப்பு அவ்வளவுதான்.

"சந்தோஷமா இருந்திருக்குமே?"

பதில் சொல்லாமல் இரண்டு கைகளையும் நீட்டினார். விரல் முட்டிகள் காய்ப்பேறி, வலது சுண்டுவிரல் நிமிராமல் நின்றது. "படிக்கும்போது வாங்குனது கொஞ்சம் சார். இதெல்லாம் சொல்லிக்கொடுக்கும்போது வாங்குனது."

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். தேர்ந்த ஆட்டக்காரன் அடிக்க வந்தால் தோள் சொல்லும், முன்னங்கால் சொல்லும். வருகிற அடி எங்கே விழும் என்று தெரிந்துவிடும். புதிதாக வந்த பிள்ளையின் கம்பு எங்கே போகும் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. அதைத் தடுக்கவும் வேண்டும், திருப்பி அடிக்கவும் கூடாது, பிள்ளை பயந்துவிடவும் கூடாது. முதல் மாதம் ஒரு பையன் முட்டியில் அடித்தபோது இவருக்குக் கோபத்தில் கம்பு ஓங்கிவிட்டது. ஓரத்தில் இருந்த ஆசான் அன்றோடு இவரை உட்காரவைத்துவிட்டார். ஆறு மாதம். கம்பு தெரிந்தவரை வாத்தியாராக்கியது அந்த ஆறு மாதம்தான் என்று எனக்குத் தோன்றியது.

இப்போது களம் மாறியிருக்கிறது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. வரிசையில் பாதிப்பேர் பெண் பிள்ளைகள். தலைக்கவசமும் மார்புக்கவசமும் மாட்டிக்கொண்டு தொடுமுறை ஆடுகிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோரின் முதல் கேள்வி, "சர்ட்டிபிகேட் எத்தனை மாசத்துல கிடைக்கும்?" அவர் கோபப்படுவதில்லை. அவரும் நடுவர் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். "அது இருந்தாத்தான் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போக முடியும். ஆனா காலடி மூணு மாசம்தான் சார். அதைக் குறைக்க மாட்டேன்."

இருட்டத் தொடங்கியது. "வாங்க சார், ஒரு வீச்சு வீசிப் பாருங்க" என்று ஒரு கம்பைக் கொடுத்தார். என் எதிரே வந்து நின்றார். முதல் வீச்சு அவர் கம்பில் பட்டு என் தோள்வரை அதிர்ந்தது. இரண்டாவதை எங்கே வீசினேன் என்று எனக்கே தெரியாது. 'சொத்'தென்று ஒரு சத்தம். அவர் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரலை உதறினார்.

பதறிப்போய்க் கம்பைக் கீழே போட்டேன்.

"நீங்க சரியாத்தான் வீசுனீங்க சார். நான்தான் ஒரு அடி தள்ளி நின்னுட்டேன்."

பின்னாலிருந்து அந்தக் கடைசிப் பாப்பா சொன்னாள்: "எங்ககிட்டயும் மாஸ்டர் இதைத்தான் சொல்லுவாரு, அங்கிள்."