அஞ்சிய பறவையின் அருகில்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் வாழ்வோருக்கு ஒன்றை விளக்கிக் கூறத் தேவையில்லை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையை உடனே சூளையில் வைத்தல் ஆகாது. அது மெல்ல உலர வேண்டும். சூளையின் சூட்டையும் சிறிது சிறிதாகவே ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் காணும். மண்ணுக்கே இத்துணைப் பொறுமை வேண்டுமாயின் உயிருள்ள நெஞ்சுக்கு எவ்வளவு வேண்டும்! இதனைக் கைக்குள் அடங்கும் பறவையொன்று நமக்குக் கற்பித்தது.

நமது பங்கைச் சார்ந்த பீங்கான் தொழிலாளி ஒருவர், கடைகளில் காக்டெயில் என்று விற்கப்படும் கொண்டைக் கிளி ஒன்றை ஆசையுடன் வளர்த்து வந்தார். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலப்பகுதி அதன் தாயகம். மாலையில் வீடு திரும்பியதும் அவர் சீழ்க்கையடிப்பார். அதுவும் அதே மெட்டில் பதில் தரும். ஒருநாள் அவர் திடீரென மறைந்தார். கணவரை இழந்த அம்மையார் பிள்ளைகளைக் காக்க வேலைக்குச் செல்லலானார். கூண்டு கொல்லைப்புறம் போயிற்று. எவரும் பறவையைக் கொடுமைப்படுத்தவில்லை. அதனைக் கவனிக்க எவருக்கும் நேரமுமில்லை, மனமுமில்லை. ஓராண்டுக்குப் பின், "இதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவுதான் வருகிறது, சுவாமி. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பங்கு இல்லத்தில் கொண்டுவந்து விட்டார்.

அது தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது. கூட்டமாக வாழும் இனம் அல்லவா? தனிமை அதனை அவ்வாறு வாட்டியிருந்தது. ஆளைக் கண்டால் கொண்டையைத் தலையோடு ஒட்டவைத்துச் சீறும். பிறகு மூலையில் ஒடுங்கும். சூரியகாந்தி விதையை மட்டுமே தின்றால் கல்லீரல் கெடும், கீரையும் கேரட்டும் பழக்குங்கள், அடுப்புப் புகை படாமல் வையுங்கள் என்றார் கால்நடை மருத்துவர். பறவையின் சுவாசம் மிக நுண்ணியது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக் காற்றை அறியக் கேனரிப் பறவைகளை 1986 வரை வைத்திருந்தனர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

"ஒருமுறை பிடித்துத் தடவிக் கொடுத்தால் பழகிவிடும்" என்றார் நமது சமையற்காரர். பிடிப்பது எளிது, ஆனால் பிடிபட்டது நம்பிவிட்டதாகுமா? மேலிருந்து வரும் கை, பறவைக்குப் பருந்தாகவே தோன்றும். ஆகவே நாற்காலியைத் தொலைவில் இட்டு, அதனை உற்றுநோக்காமல், கட்டளைச் செபத்தைத் தாழ்ந்த குரலில் வாசித்து வந்தோம். சில நாட்களுக்கொருமுறை ஒரு சாண் நெருங்குவோம். கொண்டை தாழ்ந்து சீறினால் பின்வாங்குவோம். எல்லையை வகுப்பது பறவையின் உரிமை. அதனை மதிப்பது நமது கடமை.

பின்னர் தினைக்கதிர் துணை செய்தது. சங்கப் பாடல்களில் மகளிர் தினைப்புனத்தினின்று கிளிகளை விரட்டுவர். நாமோ தினையைக் காட்டி அழைத்தோம். 3 மாதங்கள் கழிந்தபின் கதிரின் நுனியைக் கொத்தியது. 5ஆம் மாதம் விரல்மேல் ஏறியது. மார்பில் புதிய இறகுகள் அரும்பின. ஆனால் வாய் மட்டும் திறக்கவில்லை.

ஒரு ஞாயிறன்று மறைக்கல்வி முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தபோது அது சீழ்க்கையடித்தது. அத்தொழிலாளியின் இளைய மகன் படியிலேயே நின்றுவிட்டான். "அப்பா மெட்டு" என்றான். அதன்பின் நாள்தோறும் மாலையில் வந்தான். தந்தையைப் போலவே சீழ்க்கையடிக்கக் கற்றான். ஒருநாள் தாயும் உடன் வந்தார், நெடுநேரம் கேட்டிருந்தார். "வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, சுவாமி?" என்றார். கூண்டு இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

இதனைப் படித்துவிட்டு எவரும் பச்சைக்கிளி வாங்கப் புறப்பட வேண்டா. நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவற்றின் நட்பை விரும்புவோருக்குச் சென்னை இராயப்பேட்டையில் காமிரா பழுதுபார்த்து வந்த சேகர் நல்ல முன்மாதிரி. அவர் மொட்டைமாடியில் வைத்த அரிசியை நாடி ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் வந்தன. உண்டபின் தம் விருப்பம்போல் பறந்து சென்றன.

நமது இல்லங்களிலும் அஞ்சி ஒடுங்கியவர்கள் இருக்கலாம். தத்தெடுத்து வந்த குழந்தை, புதிதாய்ப் புகுந்த மருமகள், துணையை இழந்த முதியவர் என எவராயினும், "ஏன் பேசமாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டு நெருக்க வேண்டா. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே கனிவுடன், அவர்கள் பொறுக்கும் தொலைவில் அமர்ந்திருங்கள். எவ்வளவு நெருங்கலாம் என்பதை அவர்களே சொல்லட்டும்.