சிப்ஸ் கூடாது! லோலா விட்டுச்சென்ற பப்

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் இருக்கிறது பிரெட்ஃபோர்ட்டன் கிராமம். அங்குள்ள ‘ஃப்ளீஸ் இன்’ பப்புக்குள் நுழைந்தால், யாரோ ஒருவர் வீட்டுக்குள் தவறிப்போய் வந்துவிட்டோமோ என்று தோன்றும். தோன்றுவதில் தப்பே இல்லை. அது வீடாக இருந்ததுதான்!

சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் பேர்டு குடும்பம் கட்டிய பண்ணை வீடு, 1848-ல் பப் ஆனது. கல் பாவிய தரை, மர பெஞ்சுகள், அலமாரி நிறைய வெள்ளீயக் கலவையில் செய்த பழைய தட்டுகள். கணப்பு அடுப்பின் முன்னே சுண்ணாம்பால் வரைந்த வெள்ளை வட்டங்கள். எதற்காம்? புகைபோக்கி வழியாகச் சூனியக்காரிகள் இறங்கிவிடாமல் தடுக்கத்தான்!

அந்தக் குடும்ப வழியில் வந்த லோலா டாப்ளின், தன் காலத்துக்குப் பிறகு பப்பை ‘நேஷனல் டிரஸ்ட்’ என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிவைத்தார். 1977-ல் அவர் மறைந்தார். பப் பழையபடியே இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உருளைக்கிழங்கு சிப்ஸ் விற்கக் கூடாது என்றுகூட நிபந்தனை போட்டிருந்தார்!

2004-ல் வைக்கோல் கூரையில் தீப்பிடித்தது. மேல்தளம் எரிந்துகொண்டிருக்க, கீழே இருந்த தட்டுகளையும் மரச்சாமான்களையும் அங்கிருந்தவர்கள் அவசர அவசரமாக வெளியே தூக்கி வந்தார்கள். கூரையைப் புதிதாக வேய்ந்துவிடலாம்; தலைமுறை தலைமுறையாகக் கைபட்ட தட்டை எங்கே போய் வாங்குவது?

சீரமைத்த பிறகு, 2005-ல் பப் மறுபடி திறந்தது. லோலாவின் தட்டுகளும் வீடு திரும்பின.