குட்டிப் பிள்ளைகளோடு எந்தத் தீவுக்குப் போகலாம்?

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் காலை நிகழ்ச்சியில் எனக்கு ஒரு கேள்வி தவறாமல் வரும். "அக்கா, பிள்ளைங்களோட பீச்சுக்குப் போகணும். எந்தத் தீவு நல்லா இருக்கும்?" கேள்வியை நான் வாசித்து முடிப்பதற்குள் வாட்ஸ்அப்பில் பதில்கள் குவிந்துவிடும். "பெர்ஹெந்தியான் போங்க, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்" என்பார் ஒருவர். "லங்காவியை விட்டா வேற எது? சாக்லேட்டும் மலிவு" என்பார் இன்னொருவர். "ரெடாங்!" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார் மற்றொருவர்.

எல்லாவற்றையும் வாசித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். வானொலியில் எனக்குக் கிடைப்பது நாற்பது விநாடி. அந்த நாற்பது விநாடிக்குள் அடங்காத ஒரு பதில் என்னிடம் இருக்கிறது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பெர்ஹெந்தியானில் ஓர் இரவு

என் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. தோழி ஒருத்தி அனுப்பிய ஒரே ஒரு படத்தைப் பார்த்து பெர்ஹெந்தியானை முடிவு செய்தோம். நீலமும் பச்சையும் கலந்த அந்தத் தண்ணீரில் படகு அந்தரத்தில் மிதப்பதுபோல் இருந்தது. வேறு எதையும் நாங்கள் விசாரிக்கவில்லை.

கோலாலம்பூரிலிருந்து கோல பெசுட் வரை ஏழு மணி நேரக் கார் பயணம். அங்கிருந்து விரைவுப்படகு. மத்தியானக் காற்றில் ஒவ்வோர் அலையும் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நாங்கள் ஆசையாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் ஆட்டம் அதிகம் என்பது புறப்பட்ட பிறகுதான் தெரிந்தது. பிள்ளைக்குக் கொடுத்த உயிர்காப்பு அங்கி பெரியவர்களுக்கானது. அவன் முகமே அதற்குள் மறைந்துபோனது. கரை சேரும்வரை அவனைக் கட்டிப் பிடித்தபடியே இருந்தேன்.

தீவு என்னவோ படத்தில் இருந்ததைவிட அழகு. ஆனால் அந்த அழகில் என் மகனுக்கு அக்கறை இல்லை. கண்ணாடித் தண்ணீரை விட்டுவிட்டு, ரிசார்ட் குழாயடியில் தேங்கிய குட்டையில்தான் மணிக்கணக்காக விளையாடினான்.

இரண்டாம் நாள் இரவு அவனுக்குக் காய்ச்சல் கண்டது. தொட்டால் சுட்டது. காய்ச்சல் மருந்து வாங்கித்தான் வைத்திருந்தோம். அது கோல பெசுட்டில் நிறுத்திய காருக்குள்ளேயே இருந்தது! பக்கத்து அறையில் இருந்த ஒரு சீனக் குடும்பம் தங்கள் பிள்ளையின் மருந்தைக் கொடுத்து உதவியது. கிளினிக் எங்கே என்று கேட்டேன். பக்கத்துத் தீவின் கிராமத்தில் இருக்கிறது என்றார்கள். பெர்ஹெந்தியானில் சாலை கிடையாது. எங்கே போவதென்றாலும் படகுதான். வெளியே கும்மிருட்டு, காற்று வேறு. "காலையிலே போகலாம் காக்காக்" என்றார் அங்கே வேலை செய்த மலாய்த் தம்பி.

விடியும்வரை ஈரத்துணியால் அவன் நெற்றியைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தேன். முதல் படகைப் பிடித்து, ஜெர்த்தேயில் உள்ள பெசுட் மருத்துவமனைக்கு ஓடினோம். சாதாரண வைரஸ் காய்ச்சல்தான் என்றார் மருத்துவர். மூன்று நாளில் பழையபடி ஓடியாடினான்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அந்த இரவை நான் மறக்கவில்லை. குறை தீவின் மேல் இல்லை. இரண்டு பேருக்கான தீவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அங்கே மூன்றாவதாக ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனது நாங்கள்தான். போகும் வழியைப் பற்றி ஆயிரம் பேசினோம். அவசரமென்றால் திரும்பும் வழி என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் இப்போது கேட்கும் நான்கு கேள்விகள்

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், கடல் என்ன நிறம் என்பதற்கு முன்னால் நான்கு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்.

முதலாவது, படகு. எவ்வளவு நேரம், திறந்த விரைவுப்படகா, மூடிய ஃபெர்ரியா, ஒரு நாளைக்கு எத்தனை முறை? பிள்ளைகளின் அளவில் உயிர்காப்பு அங்கி உண்டா என்பதை முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். விரைவுப்படகு என்றால் காலைப் படகில் ஏறிப் பின்பக்கமாக உட்காருங்கள்.

இரண்டாவது, மருத்துவம். கிளினிக் தீவிலேயே இருக்கிறதா? இரவில் அங்கே சாலை வழியாகப் போக முடியுமா?

மூன்றாவது, கடற்கரையின் ஆழம். பத்தடி நடந்ததும் கழுத்தளவு ஆகிவிடும் கரை பெரியவர்களுக்குச் சரி. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டியது முழங்கால் அளவுத் தண்ணீர் நீண்ட தூரம் இருக்கும் கரை.

நான்காவது, மாதம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. அந்தச் சமயத்தில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும். பல ரிசார்ட்டுகள் மூடிக் கிடக்கும். டிசம்பரில் விடுமுறை என்றால் மேற்குக் கரைதான் கதி.

இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால் தீவுகள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும். பெர்ஹெந்தியானும் ரெடாங்கும் பவளப்பாறையும் ஆமையும் பார்க்கும் இடங்கள். நீந்தத் தெரிந்த, முகமூடி மாட்டி மூச்சுவிடப் பழகிய பிள்ளைகளுக்கு அவை சொர்க்கம். மெர்சிங்கிலிருந்து தியோமான் போகும் ஃபெர்ரி பெரியதுதான். ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கடலில் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கு வாந்தி வந்தால் அந்தப் பயணம் மிக நீளம்.

லங்காவிக்கு விமானம் உண்டு, நல்ல சாலை உண்டு, வாடகைக் கார் உண்டு. அரசாங்க மருத்துவமனையும் இருக்கிறது. செனாங் கடற்கரையில் மணல் நயமாக இருக்கும். மழை பெய்தாலும் பிள்ளைகளை அண்டர்வாட்டர் வேர்ல்டுக்குக் கூட்டிப் போகலாம். நாலு பேருக்கு விமான டிக்கெட் போடும் வசதி இருந்தால் தயங்காமல் போங்கள். ஒன்று மட்டும், அந்தப் பக்கத்துக் கடலில் ஜெல்லி மீன்கள் உண்டு. பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சலுடை போடுங்கள், பையில் ஒரு போத்தல் வினிகர் இருக்கட்டும்.

சிங்கப்பூர் வாசகர்களுக்குச் செந்தோசா வாசலிலேயே இருக்கிறது. கடப்பிதழ் எடுத்துக்கொண்டு தானா மேராவிலிருந்து ஒரு மணி நேர ஃபெர்ரியில் பிந்தானுக்கும் போகலாம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது பங்கோர்.

அம்மாவும் பங்கோரும்

போன வருடம் மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டு. கூடவே என் அம்மா. "கடலுக்கா? நான் எதுக்கும்மா? உங்க சாமானைப் பார்த்துக்கவா?" என்று கேட்டார். கேலியாகச் சொல்லவில்லை. தோட்டத்தில் இருந்த காலத்தில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் லாரியில் போர்ட் டிக்சனுக்குப் போவார்களாம். புளிச்சோறும் நெத்திலிப் பொரியலும் கட்டிக்கொண்டு போவது அம்மாவின் வேலை. மற்றவர்கள் குளிக்கும்போது மரத்தடியில் துணிமூட்டைக்குக் காவல் இருப்பதும் அவர் வேலைதான். கடலைப் பார்த்திருக்கிறாரே தவிர, கால் நனைத்ததில்லை.

கோலாலம்பூரிலிருந்து லூமுட்டுக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். காரைப் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டோம். மருந்துப்பை இந்த முறை என் தோளில். ஃபெர்ரி மூடியது, குளிரூட்டியது. பகல் முழுக்க அடிக்கடி போய் வருகிறது. அரைமணி நேரத்தில் அக்கரை. முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும். அங்கே அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள். கடற்கரைக்குப் போகிறவர்கள் அடுத்த நிறுத்தமான பங்கோர் பட்டணத்தில் இறங்க வேண்டும்.

வெளியே வந்தால் வரிசையாக இளஞ்சிவப்பு வேன்கள். அவைதான் தீவின் டாக்சி. என் மகள் அதை ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்துக்கொண்டு இறங்க மறுத்தது தனிக்கதை. தீவைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்குப் போனால் பாசிர் போகாக், அதைத் தாண்டி தெலுக் நிப்பா.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பங்கோர் தண்ணீர் கண்ணாடி இல்லை. மழை பெய்தால் கலங்கும். விடுமுறை நாளில் கூட்டம் இருக்கும், கரையில் பிளாஸ்டிக்கும் கண்ணில் படும். குரங்குகள் கையில் இருக்கும் ரொட்டியைப் பறித்துக்கொண்டு ஓடும். இரவு ஃபெர்ரி நின்ற பிறகு இதுவும் தீவுதான். ஆனால் தீவில் சாலை இருக்கிறது, அரசாங்க கிளினிக் இருக்கிறது, மக்கள் வாழும் பட்டணம் இருக்கிறது. விடிந்ததும் அக்கரைக்குப் போனால், சற்றுத் தொலைவில் ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனை. அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிள்ளைகளுக்கு எது பிடித்தது தெரியுமா? தண்ணீர் வற்றும் நேரம். கடல் உள்வாங்கியதும் கரை நீண்டுகிடக்கும். சின்னச் சின்னக் குட்டைகளில் நண்டு ஓடும், சிப்பி கிடக்கும். ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. அதனால் போகுமுன் ஓத நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வானிலைக்கு நம் வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலி இருக்கிறது. மாலையில் தெலுக் நிப்பாவில் இருவாச்சிப் பறவைகள் கூட்டமாக வந்து மின்கம்பியில் உட்கார்ந்தன. விலங்கியல் பூங்காவில் கம்பிக்குப் பின்னால் மட்டுமே அவற்றைப் பார்த்திருந்த என் மகன், "பாட்டி, கூண்டு எங்கே?" என்று கேட்டான்.

வெயில் ஏறியதும் தெலுக் கெடோங்கில் டச்சுக்கோட்டையைப் பார்க்கப் போனோம். ஈயத்தைச் சேமித்து வைக்க 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை. இன்று செங்கல் சுவர்கள்தான் மிச்சம். பேராக்கில் பிரிட்டிஷார் கால் ஊன்ற வழிவிட்ட 1874-ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கையும் இந்தத் தீவின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்த பெயர் இவ்வளவு சின்ன ஊரா என்று எனக்கே ஆச்சரியம். அம்மாவுக்காக, கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் ஆலயத்துக்கும் போனோம். மாசி மகத்தின்போது வெளியூர் பக்தர்கள் ஃபெர்ரி ஏறி வந்து குவியும் கோயில் அது. கடைத்தெருவில் நெத்திலியும் மீன் சாத்தேயும் வாங்கினோம். 2020 முதல் பங்கோரும் வரியற்ற தீவு என்பதால் சாக்லேட் பிரியர்களுக்கும் குறையில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம். நானும் கணவரும் முறை போட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் போனைத் தொட்டால் மற்றவர் தொடக்கூடாது என்பது எங்கள் சட்டம். காற்றடைத்த மிதவையை நம்பக்கூடாது. காற்று அடித்தால் பிள்ளையோடு சேர்த்து அது நகர்ந்துவிடும். கடலில் பிள்ளை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அம்மா வழக்கம்போல மரத்தடியில், துணிப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மகள் ஓடிப்போய் அவர் விரலைப் பிடித்து இழுத்தாள். "பையை யார்டீ பார்ப்பா?" என்றார் அம்மா. "நான் பார்க்கிறேன், நீங்க போங்கம்மா" என்றேன்.

சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். முதல் அலை வந்ததும் பின்னால் நகர்ந்தார். இரண்டாவது அலைக்கு நின்றார். அந்தப் பக்கம் கரை வெகுதூரம் ஆழமில்லாமல் போகிறது. பாட்டியும் பேத்தியும் முழங்கால் தண்ணீரில் கை கோத்து நின்றார்கள். அறுபத்தாறு வயதில் அம்மா முதன்முறையாகக் கடலுக்குள் நின்றதை, துணிப்பைக்குக் காவல் இருந்துகொண்டு நான் பார்த்தேன்.

வீடு திரும்பும்போது, "தண்ணி உப்புதான்டி, உண்மையிலேயே" என்றார்.

இப்போது மகனுக்கு ஆறு வயது, நீச்சல் வகுப்புக்குப் போகிறான். ஏதோ காணொளியில் கடலாமையைப் பார்த்துவிட்டு, "அது எங்கம்மா இருக்கு?" என்று நச்சரிக்கிறான். பெர்ஹெந்தியானில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு வருடம் போகட்டும், கண்டிப்பாகக் கூட்டிப்போவேன். அந்தத் தீவோடு எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

அதனால், "எந்தத் தீவு நல்லா இருக்கும்?" என்று அடுத்த முறை நீங்கள் அழைத்தால், பதிலுக்கு நான் ஒரு கேள்வி கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"உங்க சின்னக்குட்டிக்கு எத்தனை வயசு?"