மலை விழுந்த கிராமம்

ஸ்விட்ஸர்லாந்து என்றதும் நீல ஏரிகளும், வெண்பனிச் சிகரங்களும், பெரிய ஹோட்டல்களுமே நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. ஆனால் அந்நாட்டு மக்களின் உண்மையான வாழ்க்கையைக் காண வேண்டுமானால் ஆல்ப்ஸ் மலையிலுள்ள சிறு கிராமங்களுக்குத்தான் செல்ல வேண்டும். அவற்றில் ஒன்று பிளாட்டன். அதன் ஜனத்தொகை சுமார் 300. அந்தக் கிராமத்தின் கதையை நேயர்கள் அவசியம் அறிய வேண்டும்.

தெற்கே வலே மாகாணத்தில் லொன்ஸா என்னும் ஆறு மலைகளைக் குடைந்துகொண்டு ஓடி ரோன் நதியில் கலக்கிறது. அந்த ஆறு பாயும் பள்ளத்தாக்குக்கு லோட்ஷன்டால் என்று பெயர். நெடுங்காலம் அது வெளியுலகத்தோடு அதிகத் தொடர்பின்றி ஒதுங்கிக் கிடந்தது. 1913-ம் வருஷம் மலையைக் குடைந்து சுமார் 9 மைல் நீளமுள்ள ரயில் சுரங்கப் பாதை திறக்கப்பட்ட பிறகே பிரயாணிகள் எளிதில் அங்கே போக முடிந்தது. ரயிலை விட்டு இறங்கி, மஞ்சள் நிறத் தபால் பஸ்ஸில் ஏறினால், பெர்டன், கிப்பல், வீலர் என்று கிராமங்கள் வரிசையாக வரும். கடைசியாக, கடல் மட்டத்துக்குமேல் 5,050 அடி உயரத்தில் இருந்தது பிளாட்டன். எதிரே 12,900 அடி உயரமுள்ள பீட்ஷ்ஹார்ன் சிகரம் வானத்தை மறைத்து நின்றது.

வெயிலிலும் பனியிலும் கறுத்துப்போன மர வீடுகள் ஒன்றையொன்று நெருங்கி நின்றன. தானியக் களஞ்சியங்களைக் கால்கள்மேல் உயர்த்தி, எலி ஏறாதபடி தட்டையான கற்பலகைகளைப் பொருத்தியிருந்தார்கள். பசு, ஆடு, ரை என்னும் தானியம் ஆகிய இவைதான் முன்னோரின் ஜீவனம். பிப்ரவரி மாதத்தில் ஆட்டுத்தோல் போர்த்து, கோரமான மரமுகமூடி அணிந்து வீதியில் வந்து பயமுறுத்தும் பழைய வழக்கம் அந்தப் பள்ளத்தாக்கில் இன்றும் உண்டு.

கிராமத்துக்கு மேலே பிர்ச் என்னும் பனியாறு தொங்கிக்கொண்டிருந்தது. 2025-ம் வருஷம் மே மாதம் அதற்கும் மேலிருந்த சிகரம் பிளந்து, பாறைகள் பனியின்மேல் விழத் தொடங்கின. பாரம் தாங்காமல் பனியாறு நாளுக்குப் பல அடி வீதம் கீழே நகர்ந்தது. பாறை இடுக்குகளில் உறைந்து நின்று அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும் பனி, உலகின் உஷ்ணம் ஏற ஏற இளகி வருகிறது என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். ஆயினும் இந்தச் சரிவுக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை.

மலையை இரவு பகலாகக் கவனித்து வந்த நிபுணர்கள் எச்சரித்தார்கள். மே 19-ந் தேதி ஊர் முழுவதும் காலி செய்யப்பட்டது. ஆடு மாடுகளையும் உடன் கொண்டு போனார்கள். நடக்க இயலாத பசு ஒன்று ஹெலிகாப்டரில் தொங்கியபடி சென்றது. சில நாட்களில் திரும்பி விடலாம் என்று பலர் நினைத்திருக்கலாம்.

மே 28-ந் தேதி பிற்பகல் பனியாறு இடிந்து விழுந்தது. பூமி அதிர்ந்ததைப் பூகம்பக் கருவிகள் பதிவு செய்தன. சில நிமிஷங்களுக்குள் கிராமத்தில் பத்தில் ஒன்பது பங்கு பாறைக்கும் பனிக்கும் அடியில் மறைந்தது. வழி அடைபட்ட லொன்ஸா ஏரியாகத் தேங்கி, தப்பி நின்ற வீடுகளையும் மூழ்கடித்தது. உயிரிழந்தவர் ஒருவரே. ஊரார் வீட்டிலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது.

பிறகு ஒரு கேள்வி எழுந்தது. முந்நூறு பேருக்காக ஏராளமான பணம் செலவிட்டு மலையடிவாரத்தில் மறுபடியும் ஊர் கட்டுவது விவேகமா? கணக்குப் பார்ப்பவர்களின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பிளாட்டன் மக்கள் கலைந்து போக மனமில்லாமல், 2030-ம் வருஷத்துக்குள் பக்கத்திலேயே மீண்டும் குடியேறத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

தமிழில் ‘ஊர்’ என்றால் இடம். ‘ஊர் கூடிற்று’ என்றாலோ அங்குள்ள மனிதர்கள். பிளாட்டனில் மலை விழுங்கியது முதலாவது ஊரைத்தான். இரண்டாவது ஊர் பிழைத்திருக்கிறது. அது இருக்கும் வரையில் முதலாவதை மறுபடியும் எழுப்பிக்கொள்ளலாம் அல்லவா?