பழைய படகுக்கு நேரிய விலை

விற்பவர் கேட்கும் விலைக்கும் வாங்குபவர் கொடுக்க எண்ணும் விலைக்கும் இடையில் நீதி எங்கே நிற்கின்றது? இவ்வினா சந்தையிற் பிறந்ததாயினும் வகுப்பறைக்கும் உரியதே. வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளை வாணிகஞ் செய்வார்க்கென வைத்தமையை நம் மாணவர் அறிவர்.

கலங்கள் கைம்மாறுவது நம் கரைகளுக்குப் புதிதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அது 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறைமுகத்தைச் சென்றடைந்தது. ஒருவர் ஆண்ட கலமாயினும் உறுதியுடையதாயின் பெருங்கடலையுங் கடக்கும். உறுதியற்றதாயின் களப்பையுங் கடவாது. ஆதலின் பழைய படகின் விலை என்பது பணக்கணக்கு மட்டுமன்று. அதில் ஏறிச் செல்வோரின் உயிர்க்கணக்குமாகும்.

கணிதங் கற்பித்து ஓய்வு பெற்ற எம்மிடம் 2023 ஆம் ஆண்டில் இக்கணக்கு ஒன்று வந்தது. எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் நோய்வாய்ப்பட்டுக் காலமானார். அவர் விட்டுச்சென்ற 18 அடிக் கண்ணாடியிழைப் படகையும் 15 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரத்தையும் விற்றே பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டிய நிலையில் அவர் மனைவியார் இருந்தார். “மாஸ்டர், எவ்வளவு கேட்கலாமெண்டு நீங்களே ஒரு கணக்குப் பார்த்துச் சொல்லுங்கோ” என்றார்.

வாங்கிய விலையிலிருந்து தொடங்கலாம் என்றனர் சிலர். அது பொருந்தாது என்றோம். படகும் இயந்திரமும் வாங்கப்பட்டது 2017 இல். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. பிறநாட்டிலிருந்து வரும் இயந்திரங்களின் விலையும் உடன் ஏறிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும் இயந்திரத்தின் மதிப்பு அதனாற் குறைந்தது. இத்தகைய காலத்திற் பழைய பற்றுச்சீட்டு வரலாறாகுமேயன்றி விலையாகாது.

ஆகவே அதே அளவினவாகிய புதுப் படகும் புது இயந்திரமும் அன்று என்ன விலையென விசாரித்து, அத்தொகையை 100 பங்காக வைத்தோம். அதிற் பாதி படகுக்கும் பாதி இயந்திரத்துக்கும் உரியதாயிருந்தது. பின்னர் அயற்கரைகளில் அண்மையில் விற்பனையான ஒத்த வயதுடைய மூன்று படகுகளைப் பற்றி உசாவினோம். கேட்ட விலையை எவரும் உரத்துச் சொல்வர். முடிந்த விலையைத் தேடித்தான் அறிதல் வேண்டும். முடிந்த விலைகளின்படி படகுக்கு 30 பங்கும் இயந்திரத்துக்கு 28 பங்குந் தகுமெனக் கண்டோம்.

அடுத்தது சோதனை. இயந்திரம் திருத்தும் தம்பி ஒருவரை உடனழைத்துச் சென்றோம். அவர் படகின் உடலெங்கும் ஒரு நாணயத்தாற் தட்டிப் பார்த்தார். நல்ல இடம் கணீரென்றது. இயந்திரம் பூட்டும் பின்பலகை மந்தமாக ஒலித்தது. உள்ளிருந்த மரத்தில் நீர் ஊறியிருந்தது. இயந்திரத்தின் இரு உருளைகளின் அமுக்கத்தையும் அளந்தார். ஒன்று மற்றதினும் பத்து வீதத்துக்கு மேற் குறைந்திருந்தது. பல்லிணைப் பெட்டியின் எண்ணெய் பாற்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்ததென்று பொருள். நல்லகாலமாக அது தெளிவாயிருந்தது. பின்பலகையைப் புதுப்பிக்க 5 பங்கும் உருளையைத் திருத்த 6 பங்கும் செலவாகுமென்றார். கழித்தால் படகு 25, இயந்திரம் 22, ஆக 47.

உறவினர் ஒருவர் இதனை ஒப்பவில்லை. “பின்பலகைக்குப் பசை பூசி, மேலே பெயின்ற் அடிச்சுவிட்டால் ஆருக்குத் தெரியும்? எழுபது கேளுங்கோ” என்றார். பிள்ளைகளை எண்ணியே அவர் அவ்வாறு கூறினார் என்பதை நாம் உணர்ந்தோம். ஆயினும் சோளகக் காற்றில், கரை தெரியாத் தூரத்தில், அப்பலகை பிளந்து இயந்திரம் கடலில் வீழுமாயின் படகிலிருப்பவன் கதி யாது? இதனை அம்மையாரிடமே எடுத்துரைத்து, முடிவை அவரிடம் விட்டோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “இவர் போய்வந்த கடலுக்குத்தானே மாஸ்டர் அந்தப் பிள்ளையும் போகப்போகுது. உள்ளதைச் சொல்லியே விலையைச் சொல்லுங்கோ” என்றார். எம் நாற்பதாண்டுக் கற்பித்தலில் இதனினும் தெளிவான விடையை நாம் கேட்டதில்லை.

கேட்கும் விலையை 50 என வகுத்தோம். பேரம் பேசுதல் நம்மவர் வழக்கம். சிறிதும் இடம் வையாதார் நட்டப்படுவர். மிகுதியாக இடம் வைத்தாலோ வாங்குவோர் வாசலுக்கும் வாரார். படகு வெயிலிற் கிடந்து மாதந்தோறும் மதிப்பிழக்கும். கடற்றொழிற் திணைக்களப் பதிவை அம்மையார் பெயருக்கு மாற்றிய பின்னரே விலை பேசினோம். உரிமைப் பத்திரமில்லாத படகுக்கு எவ்விலையும் விலையன்று.

வாங்க வந்த இளைஞரிடம் இரு குறைகளையும் முதலிற் காட்டினோம். அவர் பலகையைத் தாமே தட்டிப் பார்த்தார். 48 இற்கு முடித்தார். கடலிறக்குமுன் பின்பலகையைப் புதிதாக்கினார். இன்றும் அப்படகு தொழிலுக்குப் போய் வருகின்றது.

மாணவச் செல்வர்களே, நேரிய விலை ஒரே எண்ணன்று. தாம் அறிந்த யாவற்றையும் மற்றவரும் அறிந்த பின்னர் இருவரும் மனமொத்து நிற்கும் இடமே அது. கூட்டலுங் கழித்தலும் நம் கல்லூரி எல்லார்க்குங் கற்பிக்கின்றது. எதனை மறையாது கணக்கிற் சேர்த்தல் வேண்டுமென்பதையும் அது என்றுங் கற்பித்து வாழ்வதாக.