கப்பி வீட்டுப் பிரசவம்

கொளத்தூர்ல ஜோடியா வாங்கின கப்பி, செமஸ்டருக்கு முந்தின ராத்திரி குட்டி போட்டுச்சு. முட்டை இல்லீங்க, நேரா குட்டி! எண்ணினேன், 22. காலையில 7. பாதியைத் தாயே முழுங்கியிருக்கு, மிச்சம் ஃபில்டருக்குள்ள. பரீட்சை எழுதவே மனசில்லை.

"படிக்கிற பையனுக்கு இது தேவையா?"னு திட்டிக்கிட்டே அம்மா ஒரு டப் கொடுத்தாங்க. குளோரின் போக ஒருநாள் வச்ச தண்ணி, குட்டியை இழுக்காத ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிஞ்சுக்க ஜாவா பாசி. சாப்பாடு, வெந்த மஞ்சள்கரு, ஊசிமுனை அளவு. ஆசையில அள்ளிப் போட்டேன். தண்ணி கெட்டு 2 போச்சு.

ஒண்ணரை மாசமாச்சு. ஒருத்தன் வால்ல ஆரஞ்சு எட்டிப் பார்க்குது. தினமும் காலையில எனக்கு முன்னாடியே எழுந்து, அம்மா அஞ்சையும் எண்ணிடுறாங்க.