வார் ஆறு இறக்கிவைத்த கரை

ஆல்ப்ஸ் மலையின் தென்கோடியில், கயோல் கணவாய்க்குக் கீழே, எஸ்தாங் என்ற சிற்றூரில் வார் ஆறு பிறக்கிறது. மத்தியதரைக் கடலைத் தொட அது ஓடுகிற தூரம் ஏறக்குறைய 114 கிலோமீட்டர். உலகின் பெரிய ஆறுகளுக்கு முன்னால் அது ஒரு ஓடை. ஆனால் மலையை உடைத்து, உடைந்ததை உருட்டி, உருட்டியதைக் கடலோரத்தில் சேர்க்கும் வேலையில் அதற்கு இணையான ஆறுகள் குறைவு. தென்பிரான்சின் நீஸ் நகரத்தில் உலகமே வந்து காலை நீட்டிப் படுக்கிற சாம்பல்நிறக் கூழாங்கல் கரையில் பெரும்பங்கு இந்த ஆறு கொடுத்தது.

மேல்பகுதியைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான். கியோம் என்ற ஊரைத் தாண்டியதும் தலூயி பள்ளத்தாக்கில் பாறைகள் கருஞ்சிவப்பாகி, ஆறு அவற்றை வாளால் அறுத்ததுபோல் செங்குத்தாக இறங்குகிறது. அடுத்து ஆந்த்ரவோ. பதினான்காம் லூயியின் பொறியாளர் வோபான் 1690களில் அரண் எழுப்பிய ஊர். ஆற்றைக் கடந்து இழுபாலம் வழியாகத்தான் கோட்டைக்குள் நுழைய வேண்டும். நீஸிலிருந்து தீஞ் நகருக்குப் போகும் 151 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் ரயில் பாதை, 1911 முதல், நெடுந்தூரம் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. படுகையைப் பார்க்க அதன் ஜன்னலோரத்தைவிட நல்ல இடம் இல்லை.

பிறகு தினே என்ற துணையாறு வந்து கலக்கிறது. அதன் கீழே இன்னொரு துணையாறு, வெசூபி. 2020 அக்டோபர் 2 அன்று அலெக்ஸ் புயலில் வெசூபியின் தலைமாட்டில், சேன்-மார்த்தேன் பகுதியில், ஒரே நாளில் 500 மில்லிமீட்டர் மழை கொட்டியது. பாலங்களும் சாலைகளும் போயின. ஆற்றோரத்து வீடுகள் அடியோடு சரிந்தன. வேரோடு பிடுங்கிய மரங்கள் நீஸ் கரைவரை வந்து குவிந்தன. அன்று மலைக்கும் கரைக்கும் உள்ள உறவைப் பற்றி யாருக்கும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

மலை விலகி ஆறு அகலும் கடைசி இருபது கிலோமீட்டரில்தான் இதன் உண்மையான கதை இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே ஆறு ஒரே வாய்க்காலாக ஓடியதில்லை. கல்மேடுகளுக்கு நடுவே நாலைந்தாகப் பிரிந்து, பின்னிப் பிணைந்து, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தடம் மாற்றிக்கொண்டது. மேற்குக் கரையில் பிரான்ஸ், கிழக்குக் கரையில் சவோய் அரசு. நடுவே நிலையான பாலம் கிடையாது. பாலம் வந்தால் பகைவன் படையும் வரும் என்ற அச்சம் இரு பக்கமும் இருந்திருக்க வேண்டும்.

அதனால் ஆற்றைக் கடப்பதே ஒரு தொழிலாயிற்று. மேற்குக் கரையில் கடல்முகத்தருகே உள்ள சேன்-லோரான் ஊர் பாழாகிக் கிடந்தபோது, 1468இல் வான்ஸ் நகர ஆயர் இத்தாலியக் கரையின் ஒனேலியா பகுதியிலிருந்து குடும்பங்களை அழைத்துவந்து குடியேற்றினார். வழிப்போக்கரை அக்கரை சேர்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு நிலம் கொடுத்ததற்கான நிபந்தனை. படகு ஓடாத நேரங்களில் ஆட்கள் நீண்ட கழியால் ஆழம் பார்த்து முன்னே நடப்பார்கள். பயணியைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள். கோவேறு கழுதையின் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துப் போவார்கள். நேற்று முழங்காலளவு இருந்த துறை இன்று மார்பளவு இருக்கும். காலுக்கடியில் கல் உருளும். பனி உருகும் மாதங்களில் நீரின் குளிர் எலும்பைத் துளைக்கும். அந்த ஆற்றைத் தினமும் தொட்டுப் பார்த்தவர்கள் மட்டுமே அதில் இறங்க முடிந்தது. ஸ்காட்லாந்து நாவலாசிரியரும் மருத்துவருமான ஸ்மாலட் 1763இன் இறுதியில் வாரைக் கடந்துதான் நீஸுக்குள் வந்தார். அடுத்த ஆண்டு இதே கூழாங்கல் கரையில் கடலில் இறங்கிக் குளித்து ஊராரை வியக்க வைத்தார். நோயாளி ஒருவர் கடலில் குளிப்பது அவர்களுக்கு விசித்திரமாகப் பட்டது. 1792இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை நீஸைப் பிடித்த பிறகு மரப்பாலம் வந்தது. பாலத்துக்கும் படைக்கும் உள்ள உறவு பற்றிய பழைய அச்சம் வீண்போகவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரைகட்டி ஆற்றை ஒடுக்கினார்கள். மீட்ட படுகையில் காய்கறித் தோட்டங்கள் வந்தன. தோட்டங்கள் போய்க் கிடங்குகளும் சாலைகளும் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டடங்களுக்காகப் படுகையிலிருந்து சரளையை வெட்டி அள்ளினார்கள். படுகை தாழ்ந்தது, நிலத்தடி நீரும் இறங்கியது. அதைத் தூக்கி நிறுத்த 1970களிலிருந்து குறுக்கே தடுப்பணைகளைக் கட்டினார்கள். தடுப்பணைகள் நீர்மட்டத்தை உயர்த்தின. கூடவே கல்லையும் பிடித்து வைத்தன. 1994 நவம்பர் 5 அன்று வெள்ளம் இரண்டு தடுப்பணைகளை உடைத்துக்கொண்டு போய், மாவட்ட நிர்வாக வளாகத்தையும் விமான நிலையத்தையும் மூழ்கடித்தது.

விமான நிலையம் நிற்பதே ஆற்றின் வாயில், கடலைத் தூர்த்த நிலத்தில். அதற்கு அப்பால் கடலடித்தளம் சட்டென்று ஆழமான பள்ளத்தாக்கில் இறங்குகிறது. 1979 அக்டோபர் 16 அன்று, விமான நிலையத்தை ஒட்டிக் கட்டிக்கொண்டிருந்த துறைமுகம் கடலுக்குள் சரிந்தது. வேலையில் இருந்தவர்கள் மாண்டார்கள். எழும்பிய அலை ஆந்தீப் நகரத்துக்குள் புகுந்தது. கழிமுகத்தின் மண் எவ்வளவு நொய்மையானது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

கரைக்கு நேர்ந்த இழப்பு இப்படி ஓசையோடு வரவில்லை. வாரின் வாயிலிருந்து கற்கள் அலையோடு கிழக்கே நகர்ந்து நீஸ் கரையைச் சேர்ந்த வழியில் இப்போது ஓடுபாதை நிற்கிறது. மறுகோடியில் கல் கொண்டுவந்த பையோன் ஆற்றையோ நகரமே மூடிவிட்டது. அதன் மேல் இன்று பூங்காவும் சதுக்கமும். அந்த ஆற்றுப் படுகையில் சலவைப் பெண்கள் துணி துவைத்த காலத்தில், மேலே வெள்ளம் கண்டால் குதிரைவீரன் ஒருவன் பையோன் வருகிறது என்று கத்திக்கொண்டே கீழ்நோக்கிப் பாய்வானாம்.

நீஸ் கரையில் வெறுங்காலோடு நடப்பது கடினம். ஊர்க்காரர்கள் ரப்பர் செருப்போடு தண்ணீருக்குள் போகிறார்கள். நாலைந்து அடி வைத்தால் தரை எட்டாது. மணல் கலங்காததால் நீர் அடிவரை தெளிந்திருக்கும். நனைந்த கல்லில் வெள்ளைக் கால்சைட் நரம்புகள் பளிச்சிடும், காய்ந்தால் மங்கிவிடும். அலை திரும்பும்போது ஆயிரக்கணக்கான கற்கள் ஒன்றையொன்று உரசி இரைகின்றன. அந்த இரைச்சலுக்காகவே வருபவர்கள் உண்டு. மனிதர் இங்கே வருவதும் புதிதல்ல. கிழக்கே மோன் போரோன் சரிவில் 1966இல் தொல்லியலாளர் ஆன்ரி த லும்லே தோண்டிய தெர்ரா அமாதாவில், ஏறத்தாழ நான்கு லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கூழாங்கல் கரையில் மனிதர்கள் தங்கியிருந்த தடயம் கிடைத்தது. காலடியில் கிடந்த கல்லை உடைத்தே அவர்கள் கருவி செய்தார்கள். நகரத்தின் மேற்கே பெல்லே திராட்சைத் தோட்டங்கள் நிற்கிற குன்றுகளும் பழைய வார் ஆறு கொட்டிய கூழாங்கற்களே.

இத்தனை காலம் இலவசமாக வந்ததை இப்போது லாரியில் கொண்டுவர வேண்டியிருக்கிறது. 1976 முதல் லட்சக்கணக்கான கன மீட்டர் கல்லை நீஸ் கரையில் கொட்டியிருக்கிறார்கள். புயல் அதை ஆழத்துக்கு இழுக்கிறது, மறுபடி கொட்டுகிறார்கள். ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொள்ளும் பயணிக்குப் பிரெஞ்சுச் சட்டம் அபராதம் விதிக்கும். அந்தச் சட்டம் சரியானதுதான். ஆனால் ஒரு தலைமுறைக்குள் படுகையையே அள்ளிய கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தடுப்பணைகளில் சிலவற்றின் உயரத்தைக் குறைக்கும் வேலை நடந்திருக்கிறது. கல் மறுபடி கீழே நகர இடம் கொடுப்பதே நோக்கம், அது நல்ல தொடக்கம். ஆனால் வாய்வரை வரும் கல் ஓடுபாதையைச் சுற்றிக் கிழக்கே திரும்பாது; கடலடிப் பள்ளத்தாக்கில் விழுந்தால் யாருக்கும் திரும்பக் கிடைக்காது. கழிமுகத்தில் சேரும் கல்லை அங்கேயே எடுத்து, விமான நிலையத்துக்குக் கிழக்கே கரையில் சேர்ப்பதை ஆண்டுதோறும் செய்யும் கடமையாக்க வேண்டும். அதன் செலவில் ஒரு பங்கை அந்த நிலையத்தில் இறங்கும் ஒவ்வொரு விமானமும் ஏற்பதே நியாயம்.